இடம் பிடிபடாத பாக்டீரியாத் தொற்று: தேடலும் மருந்தும் குறியீடும்

வட சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த வாரங்களில் எந்த மருத்துவமனையின் ஓ.பி. வரிசையிலும் ஒரு வகை நோயாளியைப் பார்க்கலாம். ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் அடிக்கிறது. இருமலோ சளியோ இல்லை, நீர்க்கடுப்பு இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, கண்ணுக்குத் தெரிந்த புண் எதுவும் இல்லை. தெருமுனை கிளினிக்கில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு, பெயர் தெரியாத மாத்திரைகளை மூன்று நாள் விழுங்கியும் காய்ச்சல் தணிவதும் மறுபடி ஏறுவதுமாக இருக்கிறது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றன, உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு உயர்ந்திருக்கிறது. பாக்டீரியா ஏதோ ஒன்று உடம்புக்குள் புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்க இவ்வளவு போதும். அது எங்கே தங்கியிருக்கிறது என்று சொல்ல இவ்வளவு போதாது.

அந்த நிலையில் மருத்துவர் சில மணி நேரத்துக்குள் மூன்று காரியங்களைத் தீர்மானித்தாக வேண்டும். எங்கே தேடுவது, தேடல் முடியும்வரை காத்திராமல் எந்த மருந்தைத் தொடங்குவது, கேஸ் ஷீட்டில் நோயின் பெயராக எதை எழுதுவது. மூன்றாவதை வெறும் எழுத்து வேலையாக நினைக்கும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் உண்டு. அந்தப் பழக்கம் நோயாளிக்கும் ஊருக்கும் கேடு செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘தொற்று உண்டு, இடம் தெரியவில்லை’ என்பது முதல் நாளில் எழுதத்தக்க நேர்மையான வாக்கியம். நோயாளி வீடு திரும்பும் நாளிலும் கேள்வி கேட்பாரின்றி அதுவே நின்றுவிட்டால், தேடல் பாதியில் கைவிடப்பட்டதற்கு அந்த வாக்கியமே சாட்சியாகிறது.

காரணம் தெரியாத காய்ச்சலுக்கு 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வரையறை வகுத்தார்கள். 38.3 டிகிரி செல்சியசுக்கு மேல் பலமுறை காய்ச்சல் வந்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்து ஆராய்ந்தும் காரணம் தெரியாதிருக்க வேண்டும். 1991-இல் டுராக், ஸ்ட்ரீட் இருவரும் இதைத் திருத்தி, மருத்துவமனையில் இருக்கும்போது தொடங்குவது, வெள்ளணுக் குறைவு உள்ளோருக்கு வருவது, எச்.ஐ.வி. உள்ளோருக்கு வருவது என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். அந்த வரையறைக்குள் சில புற்றுநோய்களும் மூட்டுவாத நோய்களும்கூட அடங்கும். இங்கே பேசப்படுவது அதைவிடக் குறுகலானது: கிருமி பாக்டீரியாதான் என்பது உறுதியாகவோ ஏறக்குறைய உறுதியாகவோ தெரிந்து, அதன் இருப்பிடம் மட்டும் தெரியாத நிலை. மூன்று வாரம் பொறுத்திருக்க இதில் யாருக்கும் அவகாசம் இல்லை.

இடம் தெரியாமற்போவதற்குக் காரணம் ஒன்றல்ல. சில நோய்களுக்கு இடம் என்று குறிப்பாக எதுவும் கிடையாது. டைபாய்டுக் கிருமி குடல் வழியாகப் புகுந்தாலும், ரத்தத்திலும் ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பரவி நிற்கிறது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவும், ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சலை உண்டாக்கும் ஓரியன்ஷியாவும் அப்படியே உடம்பு முழுவதையும் தாக்குகின்றன. வேறு சில தொற்றுகளுக்கு இடம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. ஈரலுக்குள் சீழ்க்கட்டி, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு, இடுப்பின் உட்புறத்தில் இறங்கும் சோவாஸ் தசை, சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு, புரோஸ்டேட் சுரப்பி, முன்பே பழுதுபட்ட இதய வால்வு ஆகியவற்றில் தங்கும் கிருமி, காய்ச்சலையும் எடை இழப்பையும் தவிர வேறு அடையாளம் காட்டாமல் பல நாள் இருக்கக்கூடும்.

மூன்றாவது வகைதான் மனத்தை உறுத்துவது. இடம் மேலாகவே இருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். படுக்கையிலேயே கிடக்கும் முதியவரைப் புரட்டிப் பார்க்காததால் தெரியாமற்போன முதுகுப் புண், சர்க்கரை நோயாளியின் கால்விரல் இடுக்கில் உள்ள வெடிப்பு, வெட்கத்தால் சொல்லப்படாத ஆசனவாய்க் கட்டி, முந்தைய வாரம் போட்ட ஊசியால் பிட்டத்தில் திரண்ட சீழ், சொத்தைப் பல்லின் வேர், பிள்ளை பெற்ற பெண்ணின் மார்பு, டிரிப்ஸ் ஏற்றுவதற்காகக் கையில் செருகி மூன்று நாளாக மாற்றப்படாத ஊசிக்குழாய் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது நல்ல வெளிச்சமும், ஒரு திரையும், பத்து நிமிடமும். நெரிசல் மிகுந்த வார்டில் கிடைக்காதவையும் இவைதான். ஒரு பெண்ணை உச்சி முதல் உள்ளங்கால்வரை மரியாதையோடு பரிசோதிக்க மறைவிடம் இல்லாத வார்டிலிருந்து சி.டி. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதி அனுப்புவது எளிதாக இருக்கிறது என்பதை மருத்துவமனைகளைக் கட்டுவோர் யோசிக்க வேண்டும்.

உண்ணிக்காய்ச்சலை எடுத்துக்கொண்டால் இதன் அருமை புரியும். நோயைப் பரப்பும் நுண்ணிய சிற்றுண்ணி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல், நடுவில் கரிய பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஒரு வடு உண்டாகும். அதில் வலியும் அரிப்பும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே நோயாளிக்கே அது தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி மடிப்பு, இடுப்பில் பாவாடை நாடா அழுந்தும் இடம், விதைப்பையின் பின்புறம் என்று ஆடை மூடிய இடங்களிலேயே அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுவிட்டால் நோய் ஏறக்குறைய முடிவாகிவிடும். சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுக்கும் பரிசோதனையில் அது ஒருபோதும் கிடைக்காது.

எங்கே வேலை, எந்தத் தண்ணீர்

உடம்பைப் பார்ப்பதற்குச் சமமானது, நோயாளியின் நாட்களை விசாரிப்பது. ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய தலைமுறையினர் சொல்வார்கள்; பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த அந்த மருத்துவமனைக்கு இன்றும் வருகிறவர்கள் பெரும்பாலும் உடலுழைப்பால் வாழ்கிறவர்களே. அவர்களுடைய தொழில், நோயின் இடத்தைக் காட்டும் முதல் தடயம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஐஸ் உடைப்பவர்கள், கூடை தூக்குபவர்கள், அரிவாள்மனையில் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்கள் ஆகியோரின் கைகளில் முள் குத்திய காயமும் செதில் கீறிய காயமும் எப்போதும் இருக்கும். அவற்றை யாரும் காயமாகவே கருதுவதில்லை. ‘அடிபட்டதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ஆனால் உப்புநீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி அப்படிப்பட்ட சிறு காயத்தின் வழியே புகுந்து, குடியால் ஈரல் கெட்டவர்களுக்கு ஓரிரு நாளில் உயிராபத்தை உண்டாக்கக்கூடும். மீனையும் இறைச்சியையும் கையாள்வோரைத் தாக்கும் எரிசிபெலோத்ரிக்ஸ் கிருமி, அரிதாக இதய வால்வில் போய்த் தங்கும். ஆகவே ‘மீன் முள் குத்தியதா’ என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒன்றாகத் தேங்கும் நாட்களில் எலியின் சிறுநீரும் அதில் கலக்கிறது. வெறுங்காலோடு அந்த நீரில் நடப்பவரின் பித்தவெடிப்பு வழியாக லெப்டோஸ்பைரா உள்ளே புகும். நீரில் நடந்த நாளுக்கும் காய்ச்சல் தொடங்கும் நாளுக்கும் இடையே பொதுவாக 5 முதல் 14 நாட்கள், சில வேளைகளில் ஒரு மாதம்கூட, ஆகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முட்டளவு நீரில் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவருக்கு, நீர் வடிந்து தெரு காய்ந்த பிறகே காய்ச்சல் வந்திருக்கக்கூடும். ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்ற கேள்வியால் இது வெளிவராது. கன்றிப்போன சதைவலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி, சீழ் இல்லாமல் சிவந்த கண், குறையும் சிறுநீர் ஆகியவை இந்நோயின் பக்கம் கைகாட்டும்.

காய்ச்சாத பாலைக் குடித்ததும் மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்ததும் புருசெல்லா நோயின் தடயங்கள். இருமலே இல்லாமல் எலும்பிலும் நிணநீர்க் கட்டியிலும் வயிற்றிலும் வளரும் காசநோய், நம் நாட்டில் நீண்ட காய்ச்சலுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியில் சர்க்கரை நோய் இருக்கிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவருக்கு இடம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஈரலையும் சிறுநீரகங்களையும் அல்ட்ராசவுண்டில் பார்க்காமல் அந்த நாள் முடியக் கூடாது.

நான்கு குப்பிகள், ஒரு வரிசை

இடம் தெரியாத தொற்றில் மற்ற எந்தச் சோதனையையும்விட முக்கியமானது, ரத்தத்தைக் குப்பியில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர். அதைச் செய்யும் முறையில்தான் அதன் பயன் அடங்கியிருக்கிறது. முழங்கை மடிப்பில் நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் தேய்த்து, அது தானாக உலரும்வரை அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். உலர்ந்த பிறகு அந்த இடத்தை விரலால் மறுபடி தொடக் கூடாது. குப்பியின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை. ஒரு கையில் இரண்டு குப்பி, மறு கையில் இரண்டு குப்பி என்று எடுப்பது நல்ல வழக்கம். எடுத்த நேரத்தையும் எடுத்த இடத்தையும் குப்பியின் மேல் எழுத வேண்டும். முதல் ஆன்டிபயாடிக் ஊசி அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசை மாறினால் இழப்பு பெரிது. மருந்து ஒரு வேளை உள்ளே போனாலே கிருமி குப்பியில் வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தெருமுனை கிளினிக்கில் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, காய்ச்சலைப் பாதி அடக்கிவிட்டுச் சான்றை முழுதாக அழித்துவிடுகிறது. அங்கே போகிறவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நாட்கூலியை விட்டுவிட்டு வரிசையில் அரை நாள் நிற்க முடியாதவர் வேறெங்கே போவார்? ஆனால் போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அந்தக் கிளினிக்கின் கடமை. அந்தச் சீட்டு இருந்தால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் ‘கிருமி வளரவில்லை’ என்ற முடிவுக்கு உரிய எடையை மட்டும் கொடுப்பார்.

முடிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். நான்கு குப்பிகளில் ஒன்றில் மட்டும் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை வளர்ந்தால் அது பெரும்பாலும் எடுக்கும்போது கலந்த அழுக்கு. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே குப்பியில் வளர்ந்தாலும் அதை அழுக்கு என்று ஒதுக்கக் கூடாது. அது வால்விலோ எலும்பிலோ கூடு கட்டியிருக்கிறதா என்று தேடியாக வேண்டும். ஈ. கோலை வளர்ந்தால் சிறுநீர்ப் பாதை, பித்தப்பை, குடல் என்றும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விரிடன்ஸ் வளர்ந்தால் பல், இதய வால்வு என்றும் கிருமியின் பெயரே இடத்தைச் சுட்டுகிறது. லெப்டோஸ்பைராவும் ஓரியன்ஷியாவும் வழக்கமான குப்பியில் வளரவே மாட்டா. டைபாய்டில்கூட ரத்தக் கல்ச்சர் ஏறக்குறைய 60 விழுக்காடு நோயாளிகளிடம்தான் கிருமியைக் காட்டுகிறது.

இந்த இடைவெளியில்தான் வைடால் சோதனை புகுந்துகொண்டது. 1896-இல் ஃபெர்னாண்ட் வைடால் அறிமுகப்படுத்திய இச்சோதனை, கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. டைபாய்டு சுற்றிக்கொண்டே இருக்கும் ஊரில் பழைய தொற்றாலும் தடுப்பூசியாலும் வேறு நோயாலும்கூட அது பாசிட்டிவ் ஆகும். ஒரே ஒரு வைடால் முடிவை வைத்து ‘டைபாய்டு இன்னும் ரத்தத்தில் இருக்கிறது’ என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டவர்கள் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். உண்மையில் அவர்களுக்கு இருந்தது காசநோயாகவோ ஈரல் கட்டியாகவோ இருக்கலாம். பொய்யான பெயர் ஒன்று கிடைத்துவிட்டதால் தேடல் நின்றுவிட்டது என்பதுதான் இதிலுள்ள கொடுமை. ‘இடம் தெரியவில்லை’ என்ற நேர்மையான குறிப்பு அந்தப் பொய்ப் பெயரைவிட எவ்வளவோ மேல்.

ஆய்வுக்கூடமே பெயரைத் தவறவிடும் நோயும் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி, சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியாய்டோசிஸ் என்ற கடும் நோயை உண்டாக்குகிறது. அது மண்ணீரலிலும் புரோஸ்டேட்டிலும் நுரையீரலிலும் கட்டிகளை உருவாக்கும். சாதாரண ஆய்வுக்கூடத்தில் இதை ‘சூடோமோனாஸ்’ என்ற வேறொரு கிருமியின் பெயரில் பொதுவாக எழுதி விட்டுவிடுவது உண்டு. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், கோ-அமாக்சிகிளாவுக்கு அடங்கும் ‘சூடோமோனாஸ்’ என்று அறிக்கை வந்தால் மருத்துவர் உடனே சந்தேகிக்க வேண்டும். இந்நோய்க்கு செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியாகவும், அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதமும் தேவை. ஏழு நாளில் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் நோய் திரும்பி வரும்.

தெரியாததற்கு மருந்து கொடுப்பது

மருந்தை எவ்வளவு விரைவாகத் தொடங்குவது என்பது நோயாளியின் நிலையைப் பொறுத்தது. ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு இரைத்து, நினைவு தடுமாறி, சிறுநீர் குறைந்திருந்தால் அது செப்சிஸ். தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 2021-இல் வெளியான பன்னாட்டுச் செப்சிஸ் வழிகாட்டுதல்படி, ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி (ஷாக்) நிலையில் உள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும். அதிர்ச்சி இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால், விரைவாக ஆராய்ந்து, மூன்று மணி நேரத்துக்குள் முடிவெடுக்கலாம். நடந்து வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கும் நோயாளிக்கு ஓரிரு நாள் மருந்தின்றிக் கவனித்துச் சான்று திரட்டுவது துணிச்சல் தேவைப்படும் செயல். பல வேளைகளில் அதுவே சரியான செயல்.

எந்த மருந்து என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. நம் பகுதியில் இடம் தெரியாத கடுங்காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்சோனோடு டாக்சிசைக்ளினையும் சேர்த்துத் தொடங்குவதற்குத் தெளிவான காரணம் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் டைபாய்டையும் எலிக்காய்ச்சலையும் அடக்கும், உண்ணிக்காய்ச்சலைத் தொடாது. டாக்சிசைக்ளின் அந்த ஓட்டையை அடைக்கிறது. கடுமையான உண்ணிக்காய்ச்சலில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. சிப்ரோஃப்ளாக்சசின் நம் நாட்டு டைபாய்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

மருத்துவமனையில் படுத்திருக்கும்போது காய்ச்சல் தொடங்கியவருக்குக் கணக்கு வேறு. அங்கே கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் உயர்ரக மருந்துகளையே எதிர்க்கின்றன. என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்புத்திறன் மரபணு பரவியிருப்பதைக் காட்டிய 2010-ஆம் ஆண்டு ஆய்வில் சென்னையின் மாதிரிகளும் இருந்தன. 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி இச்சிக்கலை எதிர்கொள்ள வகுத்த திட்டத்துக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர். அப்படியிருந்தும், இடம் தெரியாத காய்ச்சல் என்றாலே மெரோபெனம் என்ற உயர்ரக மருந்தில் தொடங்குவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. தொடங்குவதைக்கூட ஏற்கலாம்; 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சரைப் பார்த்து, அந்தக் கிருமியை மட்டும் குறிவைக்கும் குறுகலான மருந்துக்கு இறங்காமல் இருப்பதை ஏற்க முடியாது.

எத்தனை நாள் என்பதும் இடத்தோடு கட்டப்பட்டதே. 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2024-இல் வெளியான ஆய்வொன்று, ரத்தத்தில் பாக்டீரியா காணப்பட்டவர்களில் பலருக்கு 7 நாள் மருந்து 14 நாள் மருந்துக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அக்கிருமிக்குக் குறைந்தது 14 நாள், வால்வில் இருந்தால் 4 முதல் 6 வாரம், முதுகெலும்பில் இருந்தால் 6 வாரம் என்று கணக்கு நீளும். சீழ்க்கட்டி இருந்தால் எந்த மருந்தும் தனித்துப் போதாது. ஊசியோ குழாயோ போட்டுச் சீழை வெளியேற்ற வேண்டும். இடத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்தின் நாட்களைத் தீர்மானிப்பது குருட்டுக் கணக்காகத்தான் இருக்கும்.

பச்சைக் குழந்தைகளிடம் இந்த விதிகள் அப்படியே பொருந்தா. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களில் பிறக்கும் சிசுவுக்குத் தொற்று வந்தால், காய்ச்சலுக்குப் பதில் உடம்பு குளிர்ந்துபோகலாம். பால் குடிக்க மறுப்பதும் துவண்டு கிடப்பதும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். அங்கே இடம் தேடிக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போட இடமில்லை.

குறியீட்டில் என்ன நடக்கிறது

ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய் வகைப்பாட்டில் ஏ49 என்ற பிரிவே இடம் குறிப்பிடப்படாத பாக்டீரியாத் தொற்றுக்கானது. ஏ49.0 ஸ்டாஃபிலோகாக்கஸ், ஏ49.1 ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஏ49.2 ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, ஏ49.3 மைக்கோபிளாஸ்மா என்று போய், ஏ49.8 பிற பாக்டீரியா என்றும், ஏ49.9 பாக்டீரியாவும் குறிப்பிடப்படவில்லை என்றும் முடிகிறது. இடம் தெரிந்த மறுகணமே இந்தப் பிரிவுக்கு வேலை இல்லை. அப்போது உறுப்பின் நோய்க்குரிய குறியீட்டை முதலில் எழுதி, கிருமியின் பெயரை பி95, பி96 பிரிவுகளிலிருந்து துணைக் குறியீடாகச் சேர்க்க வேண்டும். ஈ. கோலையால் வந்த சிறுநீர்ப் பாதைத் தொற்றை ஏ49-இல் போடுவது தவறு, என்39.0 என்ற குறியீடும் அதனுடன் பி96.2 என்பதும்தான் சரி.

எல்லைகள் இன்னும் சில உண்டு. பாக்டீரியா என்பதே உறுதியாகாத காய்ச்சலுக்கு ஆர்50.9. செப்சிஸ் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஏ40, ஏ41 பிரிவுகள். பிரசவத்துக்குப் பிந்தைய செப்சிஸுக்கு ஓ85. சிசுவின் செப்சிஸுக்கு பி36 (P36); இந்த ‘பி’ மேலே பி95, பி96-இல் வந்த B அல்ல, ஆங்கில அகர வரிசையின் பதினாறாம் எழுத்தான P-இல் தொடங்கும் வேறு அத்தியாயம் என்பதால் தமிழில் எழுதும்போது குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டைபாய்டுக்கு ஏ01.0, எலிக்காய்ச்சலுக்கு ஏ27, உண்ணிக்காய்ச்சலுக்கு ஏ75.3, மெலியாய்டோசிஸுக்கு ஏ24 என்று தனி எண்கள் இருக்கின்றன. உடம்பு முழுவதும் பரவும் இந்நோய்களுக்கு இடம் தெரியாததால் ஏ49 போடுவது, நோயையே அறியாமல் போடுவதாகும். மேலே சொன்ன மெலியாய்டோசிஸ் நோயாளியை ‘சூடோமோனாஸ்’ என்று ஏ49.8-இல் பதிந்துவிட்டால், அந்நோய் இந்த ஊரில் இல்லவே இல்லை என்று கணக்கு சொல்லும்; அடுத்த நோயாளிக்கும் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

மெடிக்கல் கோடிங் என்பது வட சென்னைக்கு அன்னியமான சொல் அல்ல. உயிரியல் பாடங்களில் பட்டம் பெற்ற எத்தனையோ பிள்ளைகள் சென்னையின் பிற பகுதிகளிலுள்ள அலுவலகங்களுக்குப் போய், அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் படித்துக் குறியீடு இடுகிறார்கள். அங்கே நடைமுறையிலிருப்பது ஐ.சி.டி.-10-இன் அமெரிக்கத் திருத்தம். அதில் ரத்தத்தில் பாக்டீரியா காணப்பட்டது என்பதற்கு மட்டும் ஆர்78.81 என்று தனி எண் உண்டு. பன்னாட்டுப் பதிப்பில் அது ஏ49.9-க்குள் அடங்கும். சிறுநீர்ப் பாதைத் தொற்றையும் குறிக்கலாம், அதிலிருந்து வந்த செப்சிஸையும் குறிக்கலாம் என்ற தெளிவற்ற சொல்லான ‘யூரோசெப்சிஸ்’ என்று மருத்துவர் எழுதியிருந்தால், குறியீடு இடும் கோடர் எந்த எண்ணும் போடக் கூடாது. என்ன பொருளில் எழுதினீர்கள் என்று மருத்துவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்பதாலேயே செப்சிஸ் இல்லை என்று கோடர் முடிவு செய்யவும் கூடாது. வெளிநோயாளிக்கு ‘இருக்கலாம்’ என்று எழுதியதை நோயாகப் பதியக் கூடாது, அறிகுறியைத்தான் பதிய வேண்டும். உள்நோயாளி வீடு திரும்பும்போதும் ‘இருக்கலாம்’ என்றே நின்றால் அந்நோயாகவே பதியலாம்.

இவ்வளவு நுணுக்கத்தை அயல்நாட்டு நோயாளிக்காகத் தினமும் பயிலும் நம் பிள்ளைகள் இருக்கும் இதே ஊரில், நம் நோயாளிகளின் டிஸ்சார்ஜ் சம்மரி ‘காய்ச்சல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருப்பவர் வார்டுக்கு வந்து ‘ஐயா, இந்தத் தொற்று எங்கே இருந்தது’ என்று கேட்கும் வழக்கமும், கேட்டால் பதில் சொல்ல மருத்துவருக்கு நேரமும்தான் இல்லை.

இறப்புச் சான்றிதழில் இதன் விளைவு மேலும் கடுமை. மருத்துவமனையில் இறந்தவருக்கு எழுதப்படும் நான்காம் எண் படிவத்தில் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று வரிசையாக வரிகள் உண்டு. கடைசி வரியில்தான் நோயின் வேர் இருக்க வேண்டும். ‘செப்சிஸ்’ என்று மட்டும் எழுதி மற்ற வரிகளை வெறுமையாக விட்டால், சர்க்கரையால் வந்த கால் புண்ணில் இறந்தவரும், எலிக்காய்ச்சலில் இறந்தவரும், மகப்பேற்றுக்குப் பின் இறந்தவரும் ஒரே கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். எந்த வார்டில் கால்வாயைத் தூர்வார வேண்டும், எங்கே பாத மருத்துவ முகாம் நடத்த வேண்டும் என்று மாநகராட்சி எதை வைத்து முடிவெடுக்கும்?

ஐ.சி.டி.-11, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இடம் குறிப்பிடப்படாத பாக்டீரியாத் தொற்றுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நோய், கிருமி, உறுப்பு, மருந்து எதிர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் குறியீடுகளாக எழுதி ஒரே கோவையாக இணைக்கும் வசதி அதில் கூடியிருக்கிறது. முதல் நாள் இடமின்றி எழுதியதற்கு ஐந்தாம் நாள் இடத்தைச் சேர்ப்பது அதில் எளிது. ஆனால் ஐந்தாம் நாள் வரும் கல்ச்சர் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால்தான் அதுவும் நடக்கும்.

நடைமுறையில் கல்ச்சர் குப்பி ஐந்து நாள்வரை வைத்துப் பார்க்கப்படுகிறது. நோயாளியோ காய்ச்சல் தணிந்ததும் மூன்றாம் நாளே வீடு திரும்பிவிடுகிறார். அறிக்கை வார்டுக்கு வரும்போது கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார். இதற்குப் பெரிய செலவில்லாத வழிகள் உண்டு. கல்ச்சர் முடிவு நிலுவையில் இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதியோடு எழுதலாம். கிருமி வளர்ந்ததாக ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு பதிவேட்டில் குறித்து, நோயாளியின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்த முடிவைப் பதிவேட்டுப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பி, ஏ49-ஐ உரிய குறியீடாக மாற்றச் சொல்லலாம். வீட்டார் தம் பங்குக்கு, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: ரத்தக் கல்ச்சர் எடுத்தீர்களா, அதன் முடிவை எந்தத் தேதியில், எந்த அறையில், யாரிடம் வாங்கிக்கொள்வது.